ஆளைத் தேடிய கிழமை

தம்பி வீட்டில் பாம்பு வளர்க்கிறான் என்ற செய்தி ஒஸ்லோத் தமிழரின் காதில் விழாமல் யோகராசா மூன்று வருடம் காத்து வந்தார். தம்பியைப் பற்றிச் சொல்ல அவரிடம் வேறு நிறைய இருந்தது. கோயில் வாசலிலோ கலியாண மண்டபத்திலோ தமிழ்க் கடையில் கத்தரிக்காய் பொறுக்கும்போதோ யார் அகப்பட்டாலும், குகநேசன் நோர்வே மொழிச் சோதனையை முதல் முறையிலேயே சித்தியடைந்த கதை ஒருமுறை வந்து போகும்.

"எங்கடை குடும்பத்து மூளை முழுக்க அவனுக்குத்தான் போனது. எனக்கு மிஞ்சினது முழங்கால் நோ" என்பார்.

கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். அவரைப் பொறுத்தவரை அது பகிடி இல்லை.

யோகராசா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எண்பதுகளின் கடைசியில் நோர்வேயின் வடக்கு முனையில், கடலும் பனியும் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு ஊரின் மீன் தொழிற்சாலையில் வேலை செய்து தம்பியைக் கூப்பிட்டெடுத்தார். ஒரே மேசையில் இருவரும் எதிரெதிரே நின்று மீன் வெட்டினார்கள். தம்பி காதில் றேடியோவை மாட்டிக்கொண்டே வெட்டுவான். மொழி அப்படித்தான் அவனுக்குள் இறங்கியது. மேசையில் இருந்த நோர்வேக்காரர்கள் ஏதாவது சொல்லிச் சிரித்தால் அண்ணனுக்கு அவன்தான் மொழிபெயர்ப்பான். சிரிப்பு அண்ணனைப் பற்றியதாக இருந்தால், "நாளைக்குக் காத்து வருமாம்" என்று எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவான். அந்த ஊரில் ஏன் காற்றைப் பற்றி இவ்வளவு சிரிக்கிறார்கள் என்று யோகராசா கனகாலம் யோசித்திருக்கிறார்.

பிறகு இருவரும் ஒஸ்லோவுக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரிகளுக்குத் துணி தோய்த்துக் கொடுக்கும் பெரிய சலவைத் தொழிற்சாலையில் அண்ணனுக்கு வேலை கிடைத்தது. விரிப்பின் நான்கு மூலையும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் அவர் அதைத் திரும்பவும் பிரித்து மடிப்பார். தம்பிக்குச் சுரங்க ரயில் பெட்டிகளைத் துப்புரவாக்கும் வேலை. அண்ணனுக்கு ஜெயகுமாரியும் மகள் ஆரபியும் வந்தார்கள். தம்பிக்கும் யாழ்ப்பாணத்தில் இருந்து தனுஷா என்ற பெண் வந்தாள். ஒரு மாரிக் குளிர் முழுக்க இருந்தாள். அடுத்த மாரிக்கு முன் ரொறன்ரோவில் இருந்த தமையன் வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. "அவளுக்கு இஞ்சத்தைக் குளிர் ஒத்துவரேல்லை அண்ணை" என்றான் குகநேசன். கனடாவில் குளிர் இல்லையோ என்று கேட்க யோகராசாவுக்கு வாய் வரவில்லை. அதன்பின் அவன் ரொம்சோஸ் அடுக்குமாடியில் தனியாகத்தான் இருந்தான்.

பாம்பு வந்தது ஒரு தை மாதத்தில். வெஸ்ட்லி என்பது சுரங்க ரயில் பாதை ஒன்றின் கடைசித் தரிப்பு. அங்கே வெறும் பெட்டியைக் கூட்டித் துடைத்துக்கொண்டு போனவன், ஒரு இருக்கைக்குக் கீழே முடிச்சுப் போட்ட தலையணை உறை ஒன்றைக் கண்டான். தொட்டபோது அது மெல்ல அசைந்தது. அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே ஒரு பாம்பு. செம்மஞ்சள் உடம்பு, முதுகில் குங்கும நிறத் திட்டுகள், குளிரில் பாதி விறைத்துப் போயிருந்தது. அந்த நாட்களில் நோர்வேயில் வீட்டில் பாம்பு வைத்திருப்பது சட்டப்படி தடை. யாரோ களவாகக் கொண்டுவந்து, வைத்திருக்கவும் முடியாமல் கொல்லவும் மனமில்லாமல் ரயிலில் விட்டுப்போயிருக்க வேண்டும். அலுவலகத்தில் கொடுத்தால் அதைக் கொன்றுவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். வேலைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

"சனம் விட்டிட்டுப் போறது எல்லாத்தையும் நீ வீட்டை கொண்டருவியோடா?" என்று யோகராசா ஏசினார்.

"எல்லாம் இல்லை அண்ணை. குடையளைக் கந்தோரிலை குடுக்கிறனான்."

நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்து, அது நஞ்சில்லாத சாதி என்று கண்டுகொண்டான். கண்ணாடிப் பெட்டி ஒன்று வாங்கி, சூட்டு விளக்குப் பூட்டி, வெஸ்ட்லி என்று பெயரும் வைத்தான். அதற்கு உணவாக உறைந்த சுண்டெலிகளை ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்திருப்பான். ஒருமுறை ஆரபிக்கு ஐஸ்கிறீம் கொடுப்பதற்காக ஜெயகுமாரி அந்த டப்பாவைத் திறந்துவிட்டாள். அன்றைக்குப் பிறகு கொழுந்தன் வீட்டில் அவள் தேத்தண்ணிகூடக் குடித்ததில்லை. பாம்பு என்ற சொல்லையும் வாயில் எடுக்கமாட்டாள். நாகபூசணி அம்மன் மேல் உள்ள பயம் பாதி, தொலைபேசியில் யாராவது ஒட்டுக்கேட்டுப் பொலிசில் சொல்லிவிடுவார்கள் என்ற பயம் பாதி. "ஆள் சுகமோ? ஆள் சாப்பிட்டவரோ?" என்றுதான் கேட்பாள். அதுவே குடும்பத்துக்குள் பாம்பின் பெயராகிவிட்டது.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மாசியில் குகநேசனுக்கு நெஞ்சுச் சளி கட்டியது. தடிமன்தான் என்று வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன் ஒரு காலையில் மூச்சு எடுக்க முடியாமல் அண்ணனைக் கூப்பிட்டான். அம்புலன்ஸ்காரர்கள் முகமூடியை மாட்டுவதற்கு முன், அவரின் கையைப் பிடித்து ஒன்றே ஒன்று சொன்னான்.

"அண்ணை, வெஸ்ட்லியைப் பாருங்கோ. அதுக்குச் சூடு முக்கியம்."

"நீ உன்ரை மூச்சைப் பார். அதை நான் பாக்கிறன்" என்றார் யோகராசா.

ஆஸ்பத்திரியில் அவனை மயக்கத்தில் வைத்துத் தொண்டைக்குள் குழாய் விட்டு மெஷினில் போட்டார்கள். வைத்தியர் அந்தக் குழாயை "தூப்" என்று சொன்னார். நுரையீரல் தேறினால் கிழமைக் கடைசியில் அதை எடுத்து ஆளை எழுப்பலாம், அதற்கு முன் இல்லை என்றார். அந்தச் செய்தி போதும் என்று யோகராசா ரொம்சோசுக்குப் போய்ப் பாம்பைப் பொறுப்பெடுத்தார்.

எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்ய அவருக்குத் தெரியாது. கண்ணாடியைத் துடைத்தார். தண்ணீர்க் கிண்ணத்தை விளக்கிக் கழுவினார். பெட்டியின் மூடிமேல் தடித்த தொலைபேசிப் புத்தகங்கள் இரண்டு தூசி படிந்து கிடந்தன. இவ்வளவு படித்தவன் இப்படிக் குப்பை சேர்க்கிறானே என்று மனதுக்குள் கடிந்துகொண்டு, அவற்றை எடுத்துப் பழைய பேப்பர்க் கட்டோடு சேர்த்து நூலால் கட்டிவைத்தார். அந்தப் புத்தகங்களின் பாரம்தான் மூடியை அமர்த்தி வைத்திருந்தது என்பது அடுத்த நாள் வந்து பார்த்தபோதுதான் விளங்கியது. மூடி ஒரு விரல் அளவு விலகியிருந்தது. பெட்டி வெறுமையாக இருந்தது.

முதலில் அவர் கதவைச் சாத்தினார். பிறகு அதன் கீழ் இடுக்கில் துவாயைச் சுருட்டி அடைத்தார். கட்டிலைப் புரட்டினார், மெத்தையைத் தட்டினார், அலுமாரி உடுப்புகளை ஒன்றொன்றாக உதறி மடித்து வைத்தார். குளியலறைத் தண்ணீர்த் துவாரத்துக்குள் ரோச் அடித்துப் பார்த்தார். பாம்பு வந்து கையில் படுமோ என்று ஒரு நடுக்கம்; படாமலே போய்விடுமோ என்று அதைவிடப் பெரிய நடுக்கம். அயலில் யாரிடமும் கேட்க முடியாது. தமிழ்ச் சனத்திடம் வாயே திறக்க முடியாது. கண் விழித்ததும் தம்பி முதலில் கேட்கப் போவது வெஸ்ட்லியைத்தான். கேட்கும்போது அது பெட்டிக்குள் இருக்கவேண்டும். அவர் வேறொன்றும் வேண்டவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஜெயகுமாரி தலையில் கைவைத்தாள்.

"ஆள் எங்கை போயிருப்பார்? பக்கத்து வீட்டு நோர்வேக்கிழவியின்ரை கட்டிலிலை போய்ப் படுத்தாரெண்டால் என்னப்பா செய்யிறது?"

"கிழவிக்குத்தான் வருத்தம். ஆளுக்குச் சூடாயிருக்கும்."

"உங்களுக்கு இப்பதான் பகிடி வருது."

அடுத்த நாள் அவள் தானும் வருவேன் என்று நின்றாள். சோபாவுக்குக் கீழே ஒரு கோப்பையில் பாலும், பக்கத்தில் ஒரு முட்டையும் வைத்து, அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். கூட வந்த ஆரபி சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது.

"அம்மா, ஸ்லாங்க பால் குடிக்காது."

"என்னடி அது ஸ்லாங்க?"

"இதுதான். ஆள். நோர்வே மொழியிலை ஸ்லாங்க எண்டுறது."

"ஸ்லாங்க" என்று ஜெயகுமாரி சொல்லிப் பார்த்தாள். "பதினைஞ்சு வருசமாய் இருக்கிறன், ஒருத்தரும் சொல்லித் தரேல்லையே."

"ஆரம்மா உங்களோடை பாம்பைப் பற்றிக் கதைக்கிறது?"

பாலில் ஆடை படிந்ததுதான் மிச்சம். ஆரபி கொம்பியூட்டரில் தேடி வேறொரு வழி சொன்னாள்: நிலத்தில் மெல்லியதாக மா தூவிவிட்டால் பாம்பு ஊர்ந்த தடம் தெரியும். குகநேசனின் குசினி அலுமாரியில் புட்டுக்கு வறுத்து வைத்த மா ஒரு பேணி நிறைய இருந்தது. யோகராசா அதை அரிதட்டில் அரித்து ஒவ்வொரு வாசற்படியிலும் ஒரே சீராகத் தூவினார். சுவர்ச் சூடாக்கிகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வரவேற்பறையில் இருந்த ஒன்றை மட்டும் ஓடவிட்டார். சூடு தேடி வரட்டும் என்று நினைத்தார். தம்பியின் வேலைக் காற்சட்டை ஊத்தையாகக் கிடந்தது. அதையும் தோய்த்து அந்தச் சூடாக்கிக்கு முன்னால் கதிரையில் காயப் போட்டார். பிறகு குளிர் அங்கியோடு வீட்டுக்குள் குந்தியிருந்தார். மறுநாள் குசினி வாசல் மாவில் ஒரு வளைந்த கோடு கிடந்தது. உயிரோடுதான் இருக்கிறது, வீட்டுக்குள்தான் இருக்கிறது. அவர் கும்பிட்டார். ஆனால் கோடு குளியலறைப் பக்கம் போய் அங்கே மறைந்துவிட்டது.

குளியலறைச் சுவருக்கு மறுபக்கம், மாடிப்படி ஓரமாகத் தண்ணீர்க் குழாய்களுக்கு ஒரு சிறு கதவு உண்டு. அதற்குள்ளும் பார்ப்போம் என்று நிலத்தில் வயிறு பட வளைந்து படுத்து ரோச் அடித்துக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேல் ஒரு குரல் கேட்டது. கட்டடத்தின் பராமரிப்பாளர் ஒட்வார்.

"என்ன தேடுகிறாய்?"

பதறிப்போனதில் யோகராசாவின் வாயில் உண்மைதான் வந்தது.

"ஸ்லாங்க."

சொன்ன நாக்கைக் கடித்துக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். ஒட்வார் தாடையைச் சொறிந்தார்.

"எவ்வளவு நீளம்?"

யோகராசா இரண்டு கைகளையும் அகட்டிக் காட்டினார்.

"எவ்வளவு தடிப்பு?"

பெருவிரலைக் காட்டினார். ஒட்வார் தலையாட்டிவிட்டு நிலவறைக்கு இறங்கிப் போனார். பொலிசுக்கு அறிவிக்கப் போகிறார் என்று யோகராசா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சற்று நேரத்தில் ஒட்வார் தோளில் சாம்பல் நிற ரப்பர்க் குழாய் ஒன்றைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு வந்தார்.

"சலவை மெஷினுக்குத்தானே? இது பொருந்தும். சும்மா வைத்துக்கொள்."

பாம்புக்கும் குழாய்க்கும் அந்த மொழியில் ஒரே சொல் என்பது யோகராசாவுக்கு அப்போதுதான் தெரியவந்தது. ஆயிரம் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டுபோய்ச் சலவை மெஷினின் பக்கத்து ஆணியில் அதைக் கொழுவினார். தம்பி எழும்பியதும் முதல் வேலையாக இதைச் சொல்லவேண்டும், அவன் விழுந்து விழுந்து சிரிப்பான் என்று நினைத்துக்கொண்டார். ஜெயகுமாரியிடம் மட்டும் சொல்லவில்லை. பராமரிப்பாளரிடம் வாயை விட்டதற்கு அவள் கிழமை முழுக்க ஏசுவாள்.

பின்னேரங்களில் ஆஸ்பத்திரிக்குப் போவார். குகநேசன் கண்மூடிக் கிடப்பான். அவனோடு கதைக்கச் சொல்லித் தாதி சொல்லியிருந்தாள். யோகராசா கதிரையைக் கிட்ட இழுத்து, பக்கத்தில் யாருக்கும் விளங்காத தமிழில் பொய் சொல்லுவார்.

"வெஸ்ட்லி நல்ல சுகம் குகன். இண்டைக்கு ஒரு எலி முழுசாய் விழுங்கினது. பெட்டி எல்லாம் துடைச்சு வைச்சிருக்கிறன், வந்து பார், உனக்கே அடையாளம் தெரியாது."

ஒருநாள் அவனுடைய இமை துடித்தது. நம்பிவிட்டான் என்று நினைத்து, இன்னொரு எலியையும் சேர்த்துச் சொன்னார்.

கிழமைக் கடைசி வரும் முன்னே, வியாழன் மத்தியானம், அவர் சலவைத் தொழிற்சாலையில் இஸ்திரி மெஷின் இரைச்சலுக்குள் நின்றபோது கைத்தொலைபேசி நடுங்கியது. எடுத்துக்கொண்டு வெளிக் கதவடிக்கு ஓடினார். ஜெயகுமாரி.

"இஞ்சேருங்கோ, கேக்குதோ? ஆளை எடுத்திட்டினமாம்."

"என்ன?"

"ஆளை வெளியிலை எடுத்தாச்சாம். எல்லாம் நல்லபடியாம். உங்களை உடனை வரட்டாம்."

"ஆர் கதைச்சது?"

"ஒரு பொம்பிளை. கந்தோர்க் குரல். பேர் சொன்னவா, எனக்குப் பிடிபடேல்லை. குகநேசன் எண்டது மட்டும் விளங்கினது."

யோகராசாவின் கண்முன் எல்லாம் வந்து நின்றன: திறந்து கிடக்கும் கதவு, பொலிஸ், பெட்டியோடு ஒருவர், பக்கத்தில் ஒட்வார். ஆஸ்பத்திரி என்ற எண்ணம் அவருக்கு வரவே இல்லை. அங்கே கிழமைக் கடைசிக்கு முன் ஒன்றும் இல்லை என்று வைத்தியரே சொல்லியிருந்தார். அவர்கள் எடுப்பதென்றால் தன் கைத்தொலைபேசிக்குத்தான் எடுப்பார்கள். இரைச்சலுக்குள் கேட்காமல் போன அழைப்பு ஒன்று அதில் கிடந்ததை அவர் பார்க்கவில்லை. பாம்பைக் கொல்லக் கொண்டுபோவதற்குள் போய்க் கெஞ்சிக் கேட்டால் தருவார்களோ, குற்றப்பணம் கட்டினால் விடுவார்களோ என்று யோசித்தபடியே ரயில் ஏறினார்.

ரொம்சோஸ் கட்டட வாசலில் ஒட்வார் பனி வழித்துக்கொண்டிருந்தார். பொலிஸ் வண்டி ஒன்றையும் காணவில்லை.

"ஸ்லாங்க பொருந்தியதா?" என்று கேட்டார் ஒட்வார்.

யோகராசா அவருடைய முகத்தையே பார்த்தார். அதில் கள்ளம் இல்லை.

"பொருந்தியது" என்றார்.

வீடு பூட்டியபடியே இருந்தது. உள்ளே யாரும் வந்த அடையாளம் இல்லை. ஆனால் வரவேற்பறை வாசலில் தூவிய மாவில் புதிதாக ஒரு தடம், குளியலறையில் இருந்து நேரே சூடாக்கியை நோக்கி வளைந்து வளைந்து போயிருந்தது. அவர் முழந்தாளிட்டு, முழங்கால் நோவையும் மறந்து, அதன் பின்னால் தவழ்ந்தார். கதிரையில் தம்பியின் வேலைக் காற்சட்டை காய்ந்து தொங்கியது. அதன் ஒரு கால் மட்டும், உள்ளே யாரோ இருப்பதுபோல் உப்பியிருந்தது.

அவர் வாழ்நாளில் பாம்பைத் தொட்டதில்லை. கையை உள்ளே விட்டார். ஈரமாக, வழுவழுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தார். உலர்ந்து, இளஞ்சூடாக, நன்றாகத் தோய்த்து மடித்த துணிபோல் இருந்தது. வெஸ்ட்லி மெதுவாக வெளியே வந்து அவருடைய மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. யோகராசா நிலத்தில் இருந்தபடியே ஒரு கையால் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"ஆள் கிடைச்சிட்டார்."

"அவை தந்திட்டினமோ?"

"ஒருத்தரும் வரேல்லை. குகன்ரை காற்சட்டைக்குள்ளை இருந்தவர். என்ரை கையிலைதான் சுத்திக்கொண்டிருக்கிறார்."

"அப்ப அவை எடுத்தது ஆரை?" என்றாள் ஜெயகுமாரி.

"அந்தப் பொம்பிளை என்ன சொன்னவா? தமிழிலை வேண்டாம். அவ சொன்ன சொல்லைச் சொல்லும்."

"ஸ்லாங்க எண்டுதான். எனக்கு விளங்கேல்லை எண்ட உடனை ஆறுதலாய்த் திருப்பித் திருப்பிச் சொன்னவா. ஸ்லாங்கவை வெளியிலை எடுத்திட்டம் எண்டு."

திறந்திருந்த குளியலறைக் கதவினூடாக ஆணியில் சாம்பல் நிறக் குழாய் தொங்குவது தெரிந்தது. மொழி தெரியாத ஒருத்திக்கு விளங்கட்டும் என்று வைத்தியருடைய சொல்லை விட்டுவிட்டு, சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்லை அந்தத் தாதி தேர்ந்தெடுத்திருக்கிறாள். ஜெயகுமாரிக்கு அந்தக் கிழமை முழுக்கத் தெரிந்ததும் அந்தச் சொல்தான். அதை அவள் பாம்பாக்கி, பாம்பை ஆளாக்கி அவரிடம் சேர்த்தாள். குழாயை எடுத்துவிட்டார்கள். தம்பி கண் திறந்துவிட்டான்.

பாம்பைப் பெட்டிக்குள் விட்டார். பேப்பர்க் கட்டின் நூலை வெட்டி, இரண்டு தொலைபேசிப் புத்தகங்களையும் இழுத்தெடுத்து மூடிமேல் வைத்தார். படியால் இறங்கி ஓடி, ஒஸ்லோவில் தனக்காக ஒருநாளும் பிடிக்காத டாக்சியைப் பிடித்தார். வழி முழுக்க அவருக்குச் சந்தோசமாக இருந்தது. இனிப் பொய் சொல்லத் தேவையில்லை. வெஸ்ட்லி பெட்டிக்குள் இருக்கிறது. குழாய்க் கதையை எங்கிருந்து தொடங்குவது என்று மனதுக்குள் அடுக்கிப் பார்த்தார். ஒட்வார் எவ்வளவு நீளம் என்று கேட்ட இடத்தில் இருந்து தொடங்கினால் அவன் அப்போதே சிரிக்கத் தொடங்கிவிடுவான்.

பிரிவின் வாசலில் தாதி அவரைக் கண்டதும் எழுந்து வந்தாள். நடுத்தர வயதுக்காரி. அவள் வந்த விதத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது. அவள் அவரை ஒரு சின்ன அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய் இருத்திச் சொன்னாள். குழாயை எடுத்தபின் அவன் தானாக மூச்சுவிட்டான். எல்லோருக்கும் சந்தோசமாக இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நன்றாகப் போனது. பிறகு எதிர்பாராமல் இதயம் நின்றுவிட்டது. செய்யக்கூடியதெல்லாம் செய்து பார்த்தார்கள்.

"கதைத்தானா?" என்று யோகராசா கேட்டார்.

"கதைத்தான். குரல் கரகரப்பாக இருந்தது. முதலில் அண்ணன் எங்கே என்று கேட்டான். கூப்பிட்டிருக்கிறோம், வந்துகொண்டிருக்கிறார் என்றேன்."

யோகராசா தலையைக் குனிந்துகொண்டார்.

"பிறகு, ஸ்லாங்க எப்படி என்று கேட்டான். அது வெளியே போய்விட்டது, கவலைப்படாதே என்று சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு சிரித்தான். சிரித்து இருமல் வந்துவிட்டது." தாதி தன் கைகளைப் பார்த்தபடி சொன்னாள். "அதற்குப் பிறகு அவன் சொன்னது எனக்குச் சரியாக விளங்கவில்லை. 'அப்படியென்றால் சூடான இடத்தில் பார்க்கச் சொல்லு, அண்ணனிடம்' என்றான். குளிருகிறது போல என்று நினைத்தேன். இன்னொரு போர்வை கொண்டுவந்து போர்த்திவிட்டேன்."

தாதி எந்த ஸ்லாங்கவைச் சொல்கிறாள் என்று தம்பிக்கு விளங்கியிருக்குமா, விளங்கியும் பகிடிக்குச் சொன்னானா, அல்லது கிழமை முழுக்க அண்ணன் சொன்ன பொய் கடைசியில் உடைந்துபோய்த்தான் கண் மூடினானா? இதைக் கேட்டுச் சொல்ல அவருக்கு இருந்த மொழிபெயர்ப்பாளன் ஒருவன்தான்.

அவனைக் கிடத்தியிருந்த அறையில் மெஷின்களின் சத்தம் இல்லை. முகத்தில் சிரிப்பும் இல்லை, நோவும் இல்லை. அவள் சொன்ன இரண்டாவது போர்வை மார்புவரை கிடந்தது. ஓரத்தில் நீல நூல் அடையாளம். அவருடைய தொழிற்சாலையில் தோய்த்த போர்வை. ஒரு மூலை ஒழுங்கில்லாமல் மடிந்திருந்தது. யோகராசா அதை எடுத்து நேராக்கினார். விரலில் ஒட்டியிருந்த புட்டு மா அதில் வெள்ளையாகப் பட்டது.

போர்வைக்குள் கையை விட்டுத் தம்பியின் கையைத் தேடினார். அது இன்னும் முழுக்க ஆறவில்லை.

"கிடைச்சிட்டுது குகன்" என்றார். "நீ சொன்ன மாதிரித்தான். சூடான இடத்திலைதான் இருந்தது."